நாலாவது ஆள்

1

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சொந்த அக்கா சட்டத்துக்குப் புறம்பாக அயர்லாந்துக்குள் நுழைந்து, கால்வே துறைமுகத்தில் டிபன் பையோடு நின்றதற்கான ஆதாரத்தை என் கையாலேயே தயாரித்து, கையெழுத்தும் போட்டு, விசா அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தவன் நான். அக்கா அந்த நேரம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாஸ்போர்ட் வந்ததே அப்போதுதான்.

இது எதிரிகள் செய்த வேலை இல்லை. வாட்டர்கலர் செய்த வேலை.

நான் இருப்பது கார்க் நகரத்துக்கு வெளியே. ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவு. மனைவி கலைவாணி நர்ஸ். மகள் இனியா பள்ளியை முடித்துவிட்டு ஸ்காட்லாந்தில் கல்லூரிக்குப் போகக் காத்திருந்தாள். நாங்கள் இங்கே வந்து இருபது வருஷம் ஆனதை முன்னிட்டு ஒரு கேக் வாங்கலாமா என்று கலைவாணி கேட்டாள். அக்காவைக் கூட்டி வரலாம் என்றேன். கேக் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

2

இங்கே நாற்பதைத் தாண்டிய ஆண்கள் சைக்கிள் வாங்குவார்கள். அதற்கென்று ஓர் இறுக்கமான உடை உண்டு. என் வயிறு அதற்கு ஒத்துழைக்காததால் நான் பெயின்ட் பெட்டி வாங்கினேன். பயணச் சித்திரக் குறிப்பேடு வைப்பது என்று முடிவு. சனிக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு எங்காவது போவது, பார்த்ததை வரைவது, கீழே இரண்டு வரி எழுதுவது. சனிக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்திருந்தால், யாரோ கதவைத் தட்டி, “இன்னும் இங்கேயா இருக்கிறீர்கள்” என்று கேட்கப்போகிறார்கள் என்பதுபோல எனக்கு ஓர் உணர்ச்சி வரும். இருபது வருஷமாக வருகிறது. யாரும் தட்டியதில்லை.

அயர்லாந்துக்கு வாட்டர்கலர் தப்பான தேர்வு. முதலில் வானத்தைப் போட்டு, அது காய்ந்த பிறகு மலையைப் போடவேண்டும் என்பது விதி. இங்கே வானம் காய்வதே இல்லை, காகிதத்திலும் சரி, மேலேயும் சரி. காருக்குள் உட்கார்ந்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, ஏட்டை அதன் முன்னால் அப்பளம் வாட்டுவதுபோல் திருப்பித் திருப்பிக் காட்டுவேன். கும்மிடிப்பூண்டி இதற்கு நேர் எதிர். ஒரு லீவில் ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று வரைய முயன்றேன். தண்ணீர் டப்பாவிலிருந்து காகிதத்துக்குப் போவதற்குள் பிரஷ் காய்ந்துவிட்டது. மிச்சப் படத்தை லாரிப் புழுதி முடித்துக்கொடுத்தது. அந்தப் பக்கம் போன ஒரு பெரியவர் எட்டிப்பார்த்து, “இன்னா நைனா, ரோட்ட அகலம் பண்றீங்களா? எங்க ஊடு போவுதா பாரு” என்று கேட்டார்.

இங்கே எட்டிப்பார்ப்பவர்கள் நாகரிகமானவர்கள். என்ன வரைந்திருந்தாலும் “கிராண்ட்” என்பார்கள். முதல் சில வருஷம் அது பாராட்டு என்று நம்பி அகமகிழ்ந்தேன். பல்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

குறிப்புகளை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். இனியாவுக்குத் தமிழ் பேசினால் புரியும், பேசச் சொன்னால் பாதி வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பிப் பார்த்தோம். ‘ழ’ வரைக்கும் போய் நின்றுவிட்டாள். நான் போன பிறகாவது புரட்டுவாள் என்ற நப்பாசையில் அவளுக்குப் புரிகிற மொழியில் எழுதிவைத்தேன். அவள் நான் இருக்கும்போதே புரட்டினாள். அது பின்னால் வருகிறது.

3

இப்போது அக்கா அந்த ஏட்டுக்குள் எப்படி வந்தாள் என்பதைச் சொல்லவேண்டும்.

மூன்று பேர் சேர்ந்து போட்டோ எடுக்கக் கூடாது. இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏன் என்று கேட்டால் எங்கள் அம்மா முறைப்பாள், அதுதான் விளக்கம். அப்பா போன பிறகு எங்கள் வீடு அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேராக நின்றுவிட்டது. ஆகவே எங்கள் குடும்பப் படம் எதிலும் குடும்பம் மட்டும் இருந்ததில்லை. பொன்னேரி ஸ்டுடியோவில் எடுத்த படத்தில், அடுத்து பாஸ்போர்ட் சைஸ் எடுக்கக் காத்திருந்த ஒருவர் பவுடர் பூசிய முகத்தோடு எங்கள் பின்னால் நிற்கிறார். அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவில் மேஸ்திரி. அக்கா புருஷன் தாமு மாமாதான் எப்போதும் கேமரா பிடிப்பார், அதனால் அவர் கணக்கில் வரமாட்டார். நான் முதன்முதலில் விமானம் ஏறிய அன்று மீனம்பாக்கத்தில் டாக்ஸி டிரைவர்.

இங்கே வந்து நானும் மூன்று பேர் குடும்பம் ஆனேன். இனியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆல்பத்தைப் புரட்டி, தன் பிறந்தநாள் படங்களில் இருக்கும் அங்கிள்கள் எல்லாம் எங்கே போய்விட்டார்கள் என்று கேட்பாள். ஒருவர் தபால்காரர், ஒருவர் பாய்லர் பழுது பார்க்க வந்தவர்.

நான் புத்தகம் படிக்கிறவன். இதையெல்லாம் நம்புவதில்லை. கைதான் நம்புகிறது. முதல்முறை கால்வே துறைமுகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்களை வரைந்துவிட்டு ஏட்டை மூடப் பார்த்தேன், முடியவில்லை. யாரையாவது சேர்த்தாகவேண்டும். ஆனால் எனக்கு மனிதர்களை வரைய வராது. அந்த மூவரும்கூடக் குடையை மடித்துச் சாத்தினதுபோல்தான் இருந்தார்கள். பார்க்காமலே வரைய வரும் ஒரே ஆள் அக்கா. நான் டிப்ளமா படித்த நாட்களில் அவள் கம்பெனி பஸ்ஸுக்காக ஹைவே ஓரம் நிற்பாள். நான் எதிர்ச் சாரி டீக்கடையில் உட்கார்ந்து, டிராயிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளை வரைந்து பழகினேன். தோளில் டிபன் பை, ஒரு கால் சற்று முன்னால், பஸ் வரும் திசையைப் பார்த்து அந்தப் பக்கமாகத் திரும்பிய முகம். முகம் திரும்பியிருந்ததால் கண் மூக்கு எதுவும் போடவேண்டியதில்லை. அந்த வசதிக்காகவே வரைந்தேன் என்றும் சொல்லலாம்.

கால்வே பெண்களின் பக்கத்தில் அக்கா போய் நின்றாள். கீழே “அக்கா, கால்வே, மார்ச்” என்று ஆங்கிலத்தில் எழுதி மூடினேன். நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு மோஹர் பாறை விளிம்பில் நின்றாள், டிங்கிள் கடைத்தெருவில் நின்றாள், கில்லார்னி ஏரிக்கரையில் நின்றாள். மூன்று செம்மறியாடுகள் மட்டும் இருந்த ஒரு பக்கத்திலும் சேர்த்துவிட்டேன். ஆட்டுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்காதீர்கள். எதற்கு வம்பு.

4

அக்கா வரவேண்டும் என்று நான் துடித்ததற்கு இனியா ஒரு காரணம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இனியா ஸ்காட்லாந்து போய்விட்டால் அப்புறம் இந்த வீட்டில் வந்து பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள், நாங்கள் இருவரும்தான். எங்களை வீடியோவில் பார்த்தாலே போதும்.

இன்னொரு காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா போனதும் அக்கா கம்பெனிக்குப் போனாள், நான் காலேஜுக்குப் போனேன். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை, அப்படி ஆயிற்று. இந்த இருபது வருஷத்தில் நான் இங்கே பண்ணிக்கொண்டிருப்பதை ஓர் ஆள் வந்து கண்ணால் பார்த்து, பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டுமானால், அந்த ஆள் அவள்தான். கலைவாணி சொல்லமாட்டாள். அவளுக்கு உண்மை தெரியும்.

அக்கா லீவுக்கு எழுதிக் கொடுத்த அன்று போனில் சொன்னாள்: “சூப்பர்வைசர் எந்த ஊருக்குன்னு கேட்டான். அயர்லாந்துன்னேன். அது எந்தப் பக்கம், ஆந்திராவுல தடா தாண்டியான்றான். ஆமான்னு சொல்லிட்டேன். பொய்யா? தாண்டித்தான கீது.”

விண்ணப்பத்தோடு உறவை நிரூபிக்கும் குடும்பப் படங்களையும் வைத்திருந்தேன். சில வாரம் கழித்து மரியாதையாக ஒரு கேள்வி வந்தது. படங்கள் எல்லாவற்றிலும் நான்காவதாக ஒருவர் இருக்கிறார், விண்ணப்பத்தில் அவரைப் பற்றித் தகவல் இல்லை. அவர் யார், விண்ணப்பதாரருக்கு என்ன உறவு, ஒவ்வொரு படத்திலும் அவர் வெவ்வேறு ஆளாக இருப்பது ஏன்?

நியாயமான கேள்வி. என் வேலையே அதுதானே, புட்டியில் இருக்கக் கூடாத ஒன்று இருந்தால் அது என்ன என்று கேட்பது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

“டிரைவர் பேரு நெனப்பில்லடா. கவரப்பேட்டையாண்ட ஆளு. நம்ம கூட உக்காந்து இட்லி துன்னாரு.”

“அதை எழுத முடியாது அக்கா.”

“ஏன், துன்னது தப்பா?”

அன்றிரவு விளக்கக் கடிதம் ஒன்று எழுதினேன். மூன்று என்ற எண்ணைப் பற்றித் தமிழர்களுக்கு உள்ள மனத்தடை, அதன் சமூகவியல், புகைப்படக் கலை தென்னிந்தியாவுக்கு வந்தபோது உண்டான அச்சம் என்று இரண்டு பக்கம் போயிற்று. எழுதி முடித்தபோது எனக்கே ஒரு பட்டம் கொடுக்கலாம் போல இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். இந்தப் பழக்கம் இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்குச் சான்றாக, என் சித்திர ஏட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்தேன். இருப்பதிலேயே நன்றாக வந்திருந்த பக்கம். கால்வே.

மறுநாள் சாப்பாட்டின்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். இனியா ஏட்டை வாங்கிப் புரட்டினாள். வெகுநாள் நான் எதிர்பார்த்திருந்த காட்சி. அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

“அப்பா, அத்த இங்க வந்ததே இல்லன்னு ஃபார்ம்ல போட்டீங்க, ரைட்?”

“ஆமாம்.”

“அப்ப இது யாரு?”

கலைவாணி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். விண்ணப்பதாரர் இதற்குமுன் இந்த நாட்டுக்கு வந்ததுண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதி, இல்லை என்பதற்கு நேர் மாறாக, இடமும் மாதமும் குறிப்பிட்டு, சாட்சிகளாக உள்ளூர்ப் பெண்கள் மூவரையும் பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பியிருந்தேன்.

திருத்தக் கடிதத்தையும் நானே எழுத உட்கார்ந்தேன். கற்பனைக்கும் ஆவணத்துக்கும் உள்ள வேறுபாடு என்று தொடங்கியபோது இனியா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: என் அப்பாவுக்கு மனிதர்களை வரையத் தெரியாது. அத்தை ஒருத்தியைத்தான் தெரியும். அதனால் போகிற இடத்திலெல்லாம் அவளைப் போடுகிறார். செம்மறியாட்டுப் படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. தப்புக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிந்தைய வாரங்களில் நான் வீட்டில் தங்கவே இல்லை. வரையவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கடலோரம் வரை போவேன், பூட்டிய காருக்குள் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பேன், திரும்பி வருவேன். என் கிறுக்கலால் அக்காவுக்குக் கதவு மூடிவிட்டால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது? ‘நீ ஏற்கெனவே வந்துவிட்டாய் என்கிறார்கள்’ என்றா?

விசா வந்தது. ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

5

அக்கா கொண்டுவந்த பெட்டியைத் திறக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று. பேக்கிங் பிரிவின் டேப் அது. “ஏர்போட்டு பெல்ட்டுல எல்லாப் பொட்டியும் ஒடஞ்சி வந்துது, என்துதான் சிங்கம் மாதிரி வந்துது” என்றாள். கலைவாணியின் மழைக்கோட்டைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு மொரீன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அக்கா தமிழிலேயே பதில் சொன்னாள். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தவரை மொரீன் தன் இடுப்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றியும், அக்கா தாமு மாமாவின் சர்க்கரையைப் பற்றியும் பேசினார்கள். கருத்து வேறுபாடு எதுவும் எழவில்லை.

மறுநாளே கிளம்பிவிட்டேன். என் திட்டம் எளிமையானது. ஏட்டில் அவள் எங்கெல்லாம் நின்றாளோ அங்கெல்லாம் அவளைக் கொண்டுபோய் நிறுத்துவது. போகும் வழியில் காரில் ஏட்டை அவள் மடியில் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். லிமரிக் நகரம் தாண்டும் வரை தலை நிமிரவில்லை. அது ரசனை என்று எண்ணிக்கொண்டேன்.

“இது நானாடா?”

“நீதான்.”

“மூஞ்சியே இல்ல.” இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள். “எல்லா ஊர்லயும் நிக்க வெச்சிக்கினே கீறியே. ஒரு எடத்துலயாச்சும் உக்கார வெச்சியா?”

உட்கார்ந்தால் முழங்கால் வரைவது கஷ்டம் என்றேன். “கால் நோவறது எனக்கு, கஷ்டம் உனக்கா” என்று சிரித்தாள். சிரித்தாலும் ஏட்டை மூடிப் பின்சீட்டில் வைத்துவிட்டாள்.

கால்வேயில் அந்தப் பெஞ்ச் காலியாக இருந்தது. அவள் நேராகப் போய் அதில் உட்காரப் பார்த்தாள். நான் விடவில்லை. பையைத் தோளில் மாட்டி, ஒரு காலைச் சற்று முன்னால் வைக்கச் சொன்னேன். வைத்தாள். மழை தூறியது. ஆனால் படம் அமையவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பு என்றேன்.

“அந்தப் பக்கம் இன்னா வருது?”

சும்மா திரும்பு என்றேன். திரும்பினாள், உடனே குளிர் அடிக்கிறது என்று மறுபடி என் பக்கம் திரும்பிக்கொண்டாள். வரைந்துதான் பார்த்தேன். கண்ணும் மூக்கும் உள்ள ஒரு முகத்தை வரைவதில் எனக்கு முன் அனுபவம் இல்லை. வந்தது அக்கா இல்லை, எங்கள் பெரிய மாமனார்.

இப்படியே டிங்கிள், கில்லார்னி. மோஹர் பாறையில் காற்று அவளைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. “பேஜாரா கீதுடா. எல்லாக் கல்லும் ஒரே மாதிரிதான கீது, அடுத்த கல்லு நாளைக்குப் பாத்தா ஆவாதா?” என்றாள். நாளைக்கு வேறு கல் இருக்கிறது என்றேன். எனக்குள் ஒரு பதற்றம் ஓடிக்கொண்டே இருந்தது. லீவு நாட்கள் கரைகின்றன, ஏட்டில் பக்கங்கள் மிச்சமிருக்கின்றன, அவள் இன்னும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அடுத்த ஊரில் சொல்லுவாள், அதற்கடுத்த ஊரில் வெயில் அடித்தால் கட்டாயம் சொல்லுவாள் என்று வண்டியை விரட்டினேன்.

6

ஒருநாள் காலை நான் கார்ச் சாவியோடு நின்றபோது அக்கா சோபாவைவிட்டு எழவில்லை.

“நீ போய்க்கினு வாடா. நான் இங்கயே கீறேன்.”

இன்றைக்குப் போகிற இடம் மிக அழகானது என்றேன்.

“இர்க்கட்டும். வந்த நாளா ரோட்டத்தான் பாக்கறேன். இந்தப் பொண்ணு எங்க படுக்குது, எங்க துன்னுது, நீ வேல முட்சி வந்து எந்த நாற்காலில உக்காருவ, இது ஒண்ணும் நான் இன்னும் பாக்கல.”

எந்த நாற்காலி என்று எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. தனியாகவே கிளம்பினேன். அந்த மிக அழகான இடத்தில் பனிமூட்டம். ஏரியும் இல்லை, மலையும் இல்லை. வெள்ளைக் காகிதத்தை அப்படியே விட்டிருந்தால் தத்ரூபமாக இருந்திருக்கும். வானத்துக்கு ஒரு நீலத்தைக் குழைத்துப் போட்டேன், வழிந்து மடியில் கொட்டியது. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தேங்காய் எண்ணெய் வாசனை. இனியா தரையில், அக்காவின் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணெய் வழிய இரண்டு சடை. கலைவாணி நைட் டியூட்டி முடிந்து வந்து, தூங்காமல், சோபாவில் காலை மடக்கிக்கொண்டு அக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அல்லது நான் வீட்டில் இருந்ததில்லை. அக்கா ஏதோ சிப்காட் கதை சொல்ல, இனியா பாதி புரிந்தும் முழுசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்காட்லாந்து போனால் யார் எண்ணெய் வைப்பார்கள் என்று கேட்கிறாள், தமிழில். “யார் எண்ணெ வெக்கும், அத்த?” என்று. இலக்கணத்தை அந்த நேரத்தில் யாரும் திருத்தவில்லை.

இனியா கைப்பேசியை உயர்த்தி மூவரையும் படமெடுக்கப் போனாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இரு கண்ணு. மூணு பேரு.”

இனியா அறையைச் சுற்றிப் பார்த்தாள். தபால்காரர் வரும் நேரமில்லை. வாசலில், கால்சட்டையில் நீல வானத்தோடு நான் நின்றேன்.

“அப்பா, வாங்க. நாலாவது ஆள் வேணும்.”

போய் சோபாவுக்குப் பின்னால் நின்றேன். அந்தப் படம் இப்போது கலைவாணியின் கைப்பேசியில் இருக்கிறது. மூன்று பெண்கள் அழகாக இருக்கிறார்கள். பின்னால் ஒருவன் ஈரக் கோட்டோடு, கையில் சாவியோடு, எங்கோ கிளம்பினவன்போல நிற்கிறான்.

மிச்ச நாட்கள் எங்கும் போகவில்லை. நான் ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்து பார்த்தேன். பரவாயில்லாமல்தான் இருந்தது. அக்கா கிளம்பிய அன்று விமான நிலையத்தில், கடைசி நிமிஷத்திலாவது சொல்லுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். “ஒடம்பப் பாத்துக்க. அந்தப் பொண்ணு கலைவாணிய தூங்க வுடு” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பரில் இனியாவும் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. தாமு மாமாவுக்குப் போன் செய்து, சர்க்கரை எவ்வளவு, கரண்டு கட் உண்டா, பொன்னேரிப் பக்கம் மழை எப்படி என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டு, அக்கா அயர்லாந்தைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

“சொல்லாம இன்னா மாப்ள. கம்பெனி பஸ்ஸுல மொத்த ஜனமும் கேட்டுதாம். ஊரு நல்லா கீது, மனுசங்க நல்லவங்கன்னு சொல்லிக்கினு கீறா. எங்க தம்பிதான் பாவம், போயி இருவது வருசம் ஆவுது, இன்னும் சுத்திப் பாத்து முடிக்கலன்னா.”